முன்பதிவுப் படம்

ஹலோ... ஹலோ, யாரு?... கடன் வேண்டாம்மா... இன்ஷூரன்ஸும் வேண்டாம். நேத்துதான் ஒருத்தர் கூப்பிட்டு, வீடு கட்டக் கடன் தரேன்னாரு. வீடு இருக்குப்பா, அதுல இருக்க ரெண்டு ஆள் தர முடியுமான்னு கேட்டேன். வெச்சுட்டாரு.

... என்னது? பத்திரிகையிலேர்ந்தா? எந்தப் பத்திரிகை?... நம்ம பத்திரிகையா. அட, முதல்லயே சொல்லக் கூடாதா. சொல்லும்மா, சொல்லு. என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?... கணக்குப் பிரிவுலேர்ந்தா. ஆமா ஆமா, நான் உயிரோட இருக்கறது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பென்ஷன் போடறவங்க இல்லையா.

... நல்லா இருக்கேன்... ஆமா, சாப்பிட்டேன்... தூக்கமா? வருது, போகுது... மூட்டு வலியைத் தவிர வேற ஒண்ணும் இல்லம்மா. ஏன் இவ்வளவு அக்கறையா விசாரிக்கறே?... சும்மாவா.

... அவசரம் ஒண்ணுமில்லையா. எனக்கு எப்போ நேரம் இருக்கோ அப்போ பேசலாமா. ஒரு படம் விஷயமா. ஞாயிறு மலருக்கு.

இரும்மா. உக்காந்துக்கறேன்.

... இல்ல இல்ல, மயக்கமெல்லாம் இல்ல. இந்தக் குரல் எனக்குத் தெரியும், அதான்... உன் குரலைச் சொல்லல. இந்தத் தொனி. 'சும்மாதான் சார், அவசரமே இல்ல சார், ஞாயிறு மலருக்குத்தான் சார்.' இது நான் பேசின வசனம்மா. என் வசனத்தை எனக்கே ஒப்பிக்கறே.

... சங்கடப்படாதே. இரு, நான் சொல்லி முடிச்சிடறேன். நான் அங்க என்ன வேலை பார்த்தேன்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?... ஆமா, போட்டோகிராஃபர். வெள்ளம், தீ, ஊர்வலம், தேர்தல், ரயில் கவிழ்ந்தது. அது பாதி வேலை. மீதிப் பாதி, பெரிய மனுஷங்க வீட்டுக்குப் போயி முகத்தை எடுத்துட்டு வர்றது. யாராவது பிரமுகர் மேடையில ரெண்டு தடவை இருமினா போதும், மறுநாள் ஆசிரியர் என்னைக் கூப்பிடுவாரு. 'போய் ஒரு நல்ல படம் எடுத்துட்டு வா. சும்மா ஞாயிறு மலருக்குன்னு சொல்லு.' எடுத்துட்டு வந்து இரும்பு அலமாரி கீழ் டிராயர்ல போட்டுடுவோம். அந்த ஆள் போன அன்னிக்குத்தான் அது வெளிய வரும். ஆபீஸ்ல எனக்கு வெச்ச பேரே 'முன்பதிவு'. முன்பதிவு வராருன்னா வாசல்லயே நாய் எழுந்து உள்ள போயிடும்.

... சிரிக்கறியா? சிரி சிரி.

... ஆமாம்மா, கேக்கறேன். ஆனா நீ சொல்ல வர்றது எனக்குத் தெரியும். உனக்கும் சொல்லக் கூச்சமா இருக்கும். நான் அனுபவிச்சிருக்கேன். ஒரு நீதிபதி இருந்தாரு. முதல் தடவை போனப்பவே புரிஞ்சுக்கிட்டாரு. 'என்னப்பா, தீர்ப்பு எழுதியாச்சா'ன்னாரு. ஆனா கோபமே படல. நல்லா உக்காந்து கொடுத்தாரு. அப்புறம் என்ன ஆச்சு? மனுஷன் போகவே இல்ல. படம் பழசாயிடுச்சு, அவரு ஆகல. மறுபடி போனேன். மறுபடியும் ஒரு தடவை போனேன். கடைசியில அவரே போன் பண்ணுவாரு, 'புதுக் கண்ணாடி போட்டிருக்கேன், வந்து மாத்தி எடுத்துக்கோ'ன்னு.

... யாரு, கவிஞர்களா? அவங்களை எடுக்கறது சுலபம். உக்காந்த உடனே கை தானா தாடைக்குப் போயிடும். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, மத்தவங்க தலையைவிட அவங்க தலை கனம் ஜாஸ்தியோ, முட்டுக் கொடுக்கலேன்னா விழுந்துடுமோன்னு. தொழிலதிபர்கள் வேற ரகம். ஒருத்தர் என்னை வரச் சொல்லிட்டு முந்தின நாள் ஒரு அலமாரி நிறைய புத்தகம் வாங்கி அடுக்கியிருந்தாரு. பின்னாடி ஒவ்வொண்ணுலயும் கடைக்காரன் ஒட்டின விலைச்சீட்டு. 'கிழிச்சுடலாமா சார்'னு கேட்டேன். 'வேண்டாம், திருப்பிக் கொடுக்கணும்'னாரு. அப்புறம் இந்தத் தலைவர்கள். கீழேர்ந்து எடுத்தாத்தான் உயரமாத் தெரிவாங்களாம். தரையில படு, தரையில படும்பாங்க. இந்த நாட்டுத் தலைவர்களோட மூக்குத் துவாரத்தை என் அளவுக்குப் பார்த்தவன் எவனும் இல்ல.

... ஒரு நிமிஷம்மா, பால். பால் பொங்குது... லைன்லயே இரு... வெச்சுடாதே...

... இருக்கியா? இருக்கியா?... அப்பாடா. பாதி அடுப்புல. பரவால்ல. மீதி ஒரு ஆளுக்குப் போதும்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். யாரை அனுப்புவீங்க எடுக்க?... இல்ல இல்ல, எனக்கு ஆட்சேபணையே இல்ல. மத்தவங்களுக்கு எழுதின விதி எனக்கு மட்டும் வேண்டாம்னு சொல்ல முடியுமா. ஆனா ஒண்ணு, போன்ல எடுக்கற ஆளை அனுப்பாதே. சாயந்திரம் வரச் சொல்லு. முன் ரூம் ஜன்னல்ல அப்பத்தான் நல்ல வெளிச்சம் விழும், பக்கவாட்டுல, மிருதுவா. நீயும் வாயேன். நாலு நாற்காலி இருக்கு. மூணுல பேப்பர் அடுக்கியிருக்கேன், எடுத்துக் கீழ வெச்சுடறேன். டீ போடுவேன்... நல்லாவே போடுவேன். வேலையை முடிச்ச உடனே ஓடாம, கொஞ்சம் உக்காந்து பேசிட்டுப் போகலாம். பேசிக்கிட்டே இருந்தாத்தான் முகம் இளகும், அது தொழில் ரகசியம்.

... பொண்ணு வெளிநாட்டுல. ஞாயித்துக்கிழமை வீடியோல வருவா. 'அப்பா, உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது, கீழ இறக்குங்க'ம்பா. இறக்கினா மின்விசிறி தெரியுதாம். காலம் பூரா கேமரா பிடிச்ச மனுஷனுக்கு ஃபிரேம் வைக்கத் தெரியலயேன்னு மாப்பிள்ளை பின்னாடி நின்னு சிரிக்கறாரு.

... எழுதிக்கறியா? எழுதிக்கோ. 'மனைவி முன்னரே காலமானார்.' பாவம், அவ எல்லாத்துலயும் முந்திக்குவா. 'ஒரு மகள் உள்ளார்.' அவ்வளவுதான். 'புகைப்படக் கலைஞர்'னு போடாதே, போட்டோகிராஃபர்னு போடு. 'ஈடு செய்ய முடியாத இழப்பு'ன்னு தயவுசெஞ்சு போடாதே. நான் ரிட்டயர் ஆன மறுநாள் பேப்பர் சரியான நேரத்துக்கு வந்துது, நானே வாசல்ல நின்னு பார்த்தேன். மனசு விட்டுப் போச்சு. ஒரு மணி நேரமாவது தாமதமா வரும்னு நினைச்சிருந்தேன்.

... கேக்கறேன், கேக்கறேன். ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன், அப்புறம் நீ பேசு. பரிசு வாங்கின படத்தைப் பத்தி எப்படியும் எழுதுவீங்க. தெரியுமில்ல, படகு படம்?... ஆமா, பாடப்புத்தகத்துலயே வந்துது. வெள்ளத்துல தனியா ஒரு மந்திரி, படகு நுனியில நிக்கறாரு, நெத்தியில கை வெச்சு தூரத்தைப் பார்க்கறாரு. சுத்திலும் தண்ணி. பார்த்தா பிரளயம். 'மனித உறுதியின் சித்திரம்'னு பரிசுப் பத்திரத்துல எழுதியிருக்கு. உள்ளபடி என்ன தெரியுமா? தண்ணி முழங்காலுக்குக் கீழம்மா. ரெண்டு பேர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்தப் படகைத் தரையோட தரையா இழுத்துக்கிட்டு வந்தாங்க. ஒருத்தன் வாயில பீடி. நான் எடுத்த படத்துல அவங்க ரெண்டு பேரும், நாலு முழங்காலும் இருந்துது. அதுக்காகத்தான் எடுத்தேன். சிரிப்பா சிரிச்சிருக்கும் ஊரு.

... எங்க போச்சுன்னா? கத்திரி வெட்டிட்டாரு. நம்ம ஆசிரியர்தான், கத்திரின்னு நாங்க வெச்ச பேரு. எந்தப் படத்தையும் முழுசாப் போடவே மாட்டாரு. சிவப்புப் பென்சிலை எடுத்துக் கோடு போட்டா, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் உலகத்துலயே பொறக்கல. முழங்காலுக்கு மேல ஒரு கோடு, இழுக்கறவங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு. மந்திரி மாவீரன் ஆயிட்டாரு. நான் பெரிய போட்டோகிராஃபர் ஆயிட்டேன். பரிசு கொடுத்தது யாருங்கறே? அதே மந்திரி. மேடையில என் கையைப் பிடிச்சு, 'அன்னிக்குத் தண்ணி எவ்வளவு ஆழம், நினைவிருக்கா'ன்னு கேட்டாரு. இருக்கு சார்னேன்.

... ஆமா, வாங்கிக்கிட்டேன். சுவத்துல மாட்டியிருக்கேன். மாட்டிட்டு, அன்னிலேர்ந்து கத்திரிகிட்ட ஒரு வார்த்தை பேசல. அவரும் பேசல. ஒரே ஆபீஸ், ஒரே மாடி. வேலையைச் சீட்டுல எழுதி அனுப்புவாரு. நான் படத்தை எடுத்து மேஜை மேல வெச்சுட்டு வந்துடுவேன். ஆள் வெச்சுப் பேசிக்கற புருஷன் பொண்டாட்டி மாதிரி. அப்படியே ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயிட்டோம்.

அதனால அந்தப் படத்தைப் போடாதீங்க. முழுப் படத்தோட நெகட்டிவ் என்கிட்ட இருக்கு, அதைப் போடுங்க. அதுதான் என் ஒரே நிபந்தனை. சரி, இப்ப நீ சொல்லு.

... ம்.

... ம்... என்னம்மா?

... எனக்கு இல்லையா?

... புரியல. மறுபடி சொல்லு... யாருக்கு?... ஆசிரியருக்கா. பழைய ஆசிரியருக்கா... கத்திரிக்கா.

...

... இல்ல, லைன்லதான் இருக்கேன்.

... தெரியும் தெரியும். எனக்கு அப்பவே தெரியும். நீ எவ்வளவு பொறுமையாக் கேக்கறேன்னு பார்த்தேன், அவ்வளவுதான். பத்திரிகைக்காரங்களுக்குப் பொறுமை வேணும். உனக்கு இருக்கு, நல்லா வருவே... மன்னிப்பெல்லாம் எதுக்கு. நான்தானே உன்னைப் பேசவே விடல.

... நாற்காலி அப்படியே இருக்கட்டும், அதனால என்ன.

... சும்மா ஒரு ஆர்வத்துல கேக்கறேன், தப்பா நினைக்காதே. எனக்குன்னு ஃபைல்ல ஏதாவது இருக்கா? ஒரு படம்?... அடையாள அட்டைப் படமா. அது நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்தது, அதுல எனக்கே என்னை அடையாளம் தெரியாது... ஓஹோ. தேவைப்பட்டாப் பார்த்துக்கலாமா. சரிதான். சரிதான்.

அவருக்கு என்ன?... நுரையீரலா... எத்தனை நாளா?... ஆஸ்பத்திரியிலதான் இருக்காரா. நினைவு இருக்கா?... பேசறாரா. பேசறாருன்னா அவரை நேரா உக்கார வெச்சு ஒரு படம் எடுத்துக்க வேண்டியதுதானே, என்னை எதுக்குக் கேக்கறீங்க?... விட மாட்டேங்கறாரா. ஆமா, எப்பவுமே விட மாட்டாரு. கேமராவைப் பார்த்தா ஃபைலைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்குவாரு. ஊர் முகத்தையெல்லாம் அச்சடிச்ச மனுஷன்.

... என்ன சொன்னாரு? நான் எடுத்த படமா? 'அவன்கிட்ட ஒண்ணு இருக்கு, அதைத்தான் போடணும்'னு சொன்னாரா. அவரே வாயைத் திறந்து சொன்னாரா? யார்கிட்ட?... உன்கிட்டயா.

... இருக்கு. ஒண்ணே ஒண்ணு இருக்கு. படகு படத்தை வெட்டின அன்னிக்கு எடுத்தது. அவர் கண்ணாடி அறைக்குள்ள உக்காந்து என் படத்து மேல சிவப்புக் கோடு இழுத்துக்கிட்டு இருந்தாரு. வெளிய நின்னுக்கிட்டு, கண்ணாடி வழியாவே எடுத்தேன். பிரிண்ட் போட்டு அவர் மேஜையிலேயே வெச்சேன். கொலை பண்றவனைக் கையும் களவுமா எடுத்த மாதிரி. அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு போலிருக்கு. இன்னொரு பிரிண்ட் என் பீரோவுல கிடக்கு.

... எப்படிப் போடணுமாம்?

... என்னது?

இடது பக்கம் வெட்டிடணுமா.

ஏம்மா, அந்த மனுஷன் மூச்சு விடறதே கஷ்டம்ங்கறே. படுத்துக்கிட்டே வெட்டறாரா? காரணம் எனக்குத் தெரியும். இடது பக்கம்தான் அந்தக் கை இருக்கும், பென்சிலோட. அந்தக் கை ஊருக்குத் தெரியக் கூடாது. வெறும் முகம் மட்டும், சாந்தமா, ஞானி மாதிரி. முடியாது. முழுசாப் போட்டாத் தரேன், வெட்டறதா இருந்தா இல்ல. வேற யாராவது எடுத்த படத்தைத் தேடிக்கோங்க... கிடைக்கலேன்னா வரைஞ்சுக்கோங்க... நான் எதுக்கும்மா கோபப்படணும். கோபமே இல்ல.

... யார்கிட்ட? அவர்கிட்டயா? நானா?... இப்பவேவா?... போன் வெச்சிருக்காரா படுக்கையில... இல்லம்மா, வேண்டாம். என்ன பேசறது? இத்தனை வருஷம் கழிச்சு... இரு. இரு, இணைக்காதே. தொண்டையைக் கனைச்சுக்கறேன்... சரி... மணி அடிக்குது... அடிக்குதும்மா... எடுக்கல பாரு, எடுக்க மாட்டாரு, விட்டுடு...

... ஹலோ.

... சார்.

... நான்தான் சார்... நான்தான். முன்பதிவு... குரல் மாறிடுச்சா? உங்களுதும்தான் மாறியிருக்கு... ம்... ம்... மெதுவாப் பேசுங்க, அவசரமில்ல... அந்த அர்த்தத்துல சொல்லல சார். நிஜமாவே அவசரமில்லன்னு சொன்னேன்.

... சாப்பாடு?... குழாய்லயா. ருசி எப்படி?... ஆபீஸ் கேன்டீனைவிடத் தேவலையா. அப்போ சரி.

... கூட யாரு இருக்கா?... பையன்?... வந்துட்டுப் போயாச்சா. வேலை இருக்கும்... ஆமா, அவங்களுக்கும் வேலை இருக்கும்ல... எனக்கா? பொண்ணு ஞாயித்துக்கிழமை வருவா, போன்ல... என் நெத்தியைப் பார்த்துட்டுப் போவா... ஆமா. ஆமா. இங்கயும் அப்படித்தான்.

... ஜன்னல் இருக்கா உங்க ரூம்ல?... எந்தப் பக்கம்?... சுவரா தெரியுது. ம்.

...

சார், அந்தப் படம். ஏன் சார் வெட்டச் சொன்னீங்க? போறப்பவாவது ஒரு படம் முழுசாப் போட்டுட்டுப் போகலாம்ல... இல்ல, நான் சண்டைக்கு வரல. கேக்கறேன். அந்தப் பென்சில் கை இருந்தா என்ன? செஞ்சதுதானே?... என்ன சார்?... கை இல்லையா? கை இருக்கட்டும்ங்கறீங்களா?... கை நடுவுல இருக்கா?... அப்ப இடது பக்கம் என்ன இருக்கு?... போய்ப் பார்க்கறதா. சரி. இதோ போறேன். பேசிக்கிட்டே போறேன், வெச்சுடாதீங்க...

... பீரோவுல மேல் தட்டுல... ஏதோ பில்லு, ஏதோ பில்லு... இது பொண்ணு கல்யாணம்... இருங்க சார்... இருக்கு. இருக்கு, கிடைச்சுடுச்சு. ஜன்னலுக்கு எடுத்துட்டு வரேன்... ம். ஆமா. கை நடுவுலதான் இருக்கு. மேஜை மேல. பென்சில்... என் படம்... உங்க மூஞ்சி. ரொம்ப சோர்ந்து போன மூஞ்சி சார். நான் இதைக் கவனிச்சதே இல்ல. கொலைகாரன் மூஞ்சின்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

... இடது பக்கம்... கறுப்பா ஒரு கறை. கண்ணாடியில... பிலிம் கழுவறப்ப விழுந்த கறையா?... இல்ல. இருங்க... தோள்... தோள் மாதிரி இருக்கு...

அட.

... ஆமா சார். நான்தான். என் பிம்பம் கண்ணாடியில விழுந்திருக்கு. கேமராவும் கையுமா.

... சிரிக்காதீங்க, இருமல் வரும்... வந்துடுச்சு பாருங்க. மெதுவா மூச்சு விடுங்க... ஆமா ஆமா, ஒத்துக்கறேன். நேத்து கேமரா வாங்கினவன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். கண்ணாடிக்கு நேரா நின்னா எடுக்கறவனும் விழுவான்னு முதல் வாரத்துலயே சொல்லித் தருவாங்க. கோபத்துல பார்க்கல. பிரிண்ட் போடறப்பவும் பென்சிலைத்தான் பார்த்தேன்... அதுக்குத்தான் வெட்டச் சொன்னீங்களா? 'பரிசு வாங்கினவன் பேர்ல இப்படி ஒரு படம் வெளிய போனா அசிங்கம்'னு... என் பேருக்காகவா.

... ம்.

... ம்... தெரியும் சார். வெட்டினா சுத்தமா இருக்கும். எனக்கும் தெரியுது. இங்கேர்ந்தே கோடு தெரியுது, எந்த இடத்துல போடுவீங்கன்னு. ஆனா சார்...

சார், ஒண்ணு கேக்கறேன். வெட்ட வேண்டாமே... தப்புதான். நான் ஒத்துக்கறேன், தப்புதான். தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்... யாரு பார்க்கப் போறாங்க? பார்த்தாலும் கறைன்னுதான் நினைப்பாங்க. நானே அப்படித்தானே நினைச்சேன். உங்க பக்கத்துல ஒரு ஓரமா... அரை அங்குலம்கூட இருக்காது சார். ஃபைல்ல எனக்கு அடையாள அட்டைப் படம்தான் இருக்காம். இதுல முடியெல்லாம் கறுப்பா இருக்கேன்... என்ன சொல்றீங்க?

... சார்?

... யோசிக்கறீங்களா? யோசிங்க... மூச்சு கேக்குது. சரி, யோசிங்க. நான் வெக்கல.

... சார்?

... யாரு?... சிஸ்டரா. அவர் எங்க?... தூங்கிட்டாரா. மருந்து கொடுத்தீங்களா... இல்ல, எழுப்பாதீங்க. ஏதோ சொல்ல வந்தாரு, அதான். உங்க காதுல ஏதாவது விழுந்துதா?... இல்லையா... பரவால்ல.

வந்து பார்க்கலாமா அவரை?... இன்னிக்கே... சொந்தக்காரங்க மட்டுமா. ... நானா? கூட வேலை பார்த்தவன்... நண்பருன்னா, என்ன சொல்றது, எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது சிஸ்டர்... ஆமா, இப்பப் பேசினோம். அது இன்னிக்குத்தான்... ஃபாரத்துல தம்பின்னு போடாதீங்க, அவர் எழுந்து பார்த்தாத் திருத்துவாரு. வேற என்ன இருக்கு?... 'மற்றவர்'னு ஒண்ணு இருக்கா. அதுல போட்டுக்கோங்க. அது சரியா இருக்கும்... சாயந்திரமா. சரி. வெளிச்சம் போறதுக்குள்ள வந்துடறேன்... இல்லம்மா, கேமரா இல்ல. அவருக்குப் பிடிக்காது. ஒரு பழைய படம் மட்டும் கொண்டு வரேன்.

...

... யாரு? நீ இன்னும் லைன்லயேதான் இருக்கியா?... எல்லாத்தையும் கேட்டியா... அழறியா?... சளியா. சரி, சளிதான்.

... படமா? கையிலதான் இருக்கு. ஆனா வெட்டறதா வேண்டாமான்னு அவர் இன்னும் சொல்லலையே... சொல்லலம்மா, நீயும்தானே கேட்டே. ஆசிரியர் சொல்லாம ஒரு படம் அச்சுக்குப் போனதா சரித்திரமே கிடையாது... இப்ப இருக்கற ஆசிரியர் யாரா இருந்தா எனக்கென்ன, என் ஆசிரியர் தூங்கறாரு. எழுந்து சொல்லட்டும்.

... பக்கம் தயாராயிடுச்சா. படம் மட்டும்தான் பாக்கியா. கட்டுரையெல்லாம் எழுதியாச்சா... 'ஈடு செய்ய முடியாத' போட்டிருக்கியா?... அவருக்குப் போடலாம். இருக்கட்டும்.

படம் இல்லாம அந்தப் பக்கத்தை மூட முடியாது இல்ல?... முடியாது. எனக்குத் தெரியும். அப்போ திறந்தே கிடக்கட்டும்... எவ்வளவு நாளா? நானும் அவரும் இந்தக் கோட்டைப் பத்திப் பேசி முடிக்கற வரைக்கும். அவரும் விட மாட்டாரு, நானும் விட மாட்டேன். நாளாகும்.

... என்ன?... சாயந்திரம் ஆள் அனுப்பறியா, வாங்கிட்டு வர. எங்க, இங்கயா? வீட்டுக்கா?

... நிஜமாவா. ரெண்டு பேரா.

... வரச் சொல்லும்மா. தாராளமா வரச் சொல்லு. வீடு பூட்டியிருக்கும்... வெக்கறேன்.